மூன்றாம் மாடி நஞ்சை

கீரை திருடி மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் இருக்கலாம். கீரை வளர்க்கலாமா என்று யோசித்ததற்காக நோட்டீஸ் வாங்கிய மனுஷன் எனக்குத் தெரிந்து எங்கள் எதிர் பிளாட் லக்ஷ்மிநாராயணன் ஒருவர்தான். யோசித்ததற்காக என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். அவர் ஒரு விதை வாங்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. யோசித்தார், யோசித்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார், தபாலில் போட்டார். அங்கேதான் சனி பிடித்தது.

நான் புஷ்பலதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் எங்கள் அபார்ட்மெண்ட். மாடிக்கு இரண்டாக எட்டு வீடு. அசோசியேஷனுக்கு நான்தான் செக்ரட்டரி. திறமைக்காக இல்லை, மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் மீட்டிங் அன்று ஊரில் இல்லாததால். இந்தக் கூத்தில் நான் மாட்டியதும் அப்படித்தான்.

2008 ஆகஸ்ட். லக்ஷ்மிநாராயணன் சாரின் மனைவி காமுவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் பண்ண வேண்டும். ஆனால் உடம்பில் ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், எட்டுதான் இருந்தது. பத்து வந்தால்தான் மயக்க மருந்தே கொடுப்பேன் என்று தாம்பரத்து டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை காமுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி மாத்திரையாவது போடுங்கள், கூடவே தினம் கீரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

காமு கீரை சாப்பிடுவாள்தான். ஆனால் அந்த வருஷம் கோடையில் ஒரு நாள் பஸ் ஜன்னலிலிருந்து அவள் ஒரு காட்சி பார்த்துவிட்டாள். சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஓர் அம்மாள் கீரைக்கட்டுகளை அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே முக்கி முக்கி எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கீரை என்ற வார்த்தையைக் கேட்டாலே காமு வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். பாவம், ஓடவும் தெம்பில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் சார் ஒரு பொருட்காட்சியில் வினோத்குமார் என்ற பையனைப் பார்த்தார். நாவலூரில் சாப்ட்வேர் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் இந்தத் தொழில். ஆறடி உயரத்தில் நாலு பிளாஸ்டிக் பைப்பை நிமிர்த்தி வைத்து, பைப்புக்குப் பதினைந்து ஓட்டை போட்டிருந்தான். மண்ணே கிடையாது. மீன் தொட்டியில் போடுகிற குட்டி மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும். அது சத்து மருந்தோடு சொட்டுச் சொட்டாக வேரை நனைத்துக்கொண்டு கீழே இறங்கும். வெயிலுக்குப் பதில் டியூப் லைட். இருபத்தைந்தே நாளில் அறுபது ஓட்டையிலும் கீரை. ஹாலில் டிவி பக்கத்தில் நிறுத்திவிடலாம். "நம்ம வீட்டுத் தண்ணி, நம்ம கண் முன்னாடி. காமு வாந்தி எடுக்க மாட்டா, மேடம்" என்று என்னிடம் சொன்னபோது சாரின் கண் கலங்கியது. நல்ல மனுஷன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆட்டோவில் பைப்பை ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். சார் மவுண்ட் ரோடு ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எதைச் செய்வதற்கு முன்னாலும் 'பொருள்', 'பார்வை' போட்டு ஒரு கடிதம் எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மின்சார ஆபீசுக்கு எழுதினார்: எமது இல்லத்தின் கூடத்தில் மண்ணில்லாச் செங்குத்துத் தோட்டம் ஒன்று அமைக்க உத்தேசித்துள்ளேன், பதினெட்டு வாட் மோட்டார், இது எந்தக் கட்டண விகிதத்தில் வரும் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். "சார், உங்க மிக்ஸி ஐந்நூறு வாட். அதுக்கு யாரையாவது கேட்டீங்களா?" என்றேன்.

"மிக்ஸி டொமெஸ்டிக் யூஸ், மேடம். இது கல்டிவேஷன் ஆச்சே. நாளைக்கு ஒரு கேள்வி வந்துடப்படாது பாருங்கோ."

வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்தச் சங்கு பதினைந்தே நாளில் பதில் ஊதியது. எந்தக் கிளை ஆபீஸ் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒன்று வரும். பதில் இதுதான்: 'தாங்கள் உத்தேசித்துள்ள சாகுபடி மோட்டார் கொண்டு நீர் இறைத்துச் செய்யப்படுவதால் வேளாண்மையாகும். வேளாண்மைக்கான மின்சாரம் இலவசம். இலவச மின்சாரத்தைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவது விதிமீறல். எனவே அடங்கல் நகலுடன் விண்ணப்பிக்கவும். அதுவரை மேற்படி சாகுபடியைத் தொடங்கலாகாது.'

அடங்கல் என்றால் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று வருவாய் ஆபீஸ்காரர்கள் எழுதிவைக்கும் கணக்கு. மூன்றாம் மாடி ஹாலுக்கு அடங்கல்! நான் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வருவாய் ஆபீசுக்கு எழுதினார். பொருள்: அடங்கல் கோருதல்.

ஒரு வியாழக்கிழமை மதியழகன் வந்தார். கிராம நிர்வாகக் கணக்கு அவர் பொறுப்பு. தங்கமான மனுஷன், அதட்டல் கிடையாது, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கக்கத்தில் மேஜை நீளத்துக்கு ஒரு பதிவேடு. காமு காபி கொடுத்தாள். நான் செக்ரட்டரி என்பதால் சாட்சிக்கு உட்கார வைத்தார்கள்.

"நிலம் எங்க சார்?" என்றார் மதியழகன்.

சார் டிவி பக்கத்தில் காலியாக இருந்த மூலையைக் காட்டினார். மதியழகன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். பதிவேட்டில் மண் வகை என்று ஒரு கட்டம். "செம்மண், கரிசல், வண்டல், களர். நாலுதான் இருக்கு. டைல்ஸ் இல்ல. வெள்ளையா இருக்கறதால களர்னு போட்டுக்கறேன்."

"சார், மண்ணே கிடையாது. மண்ணில்லாத் தோட்டம்" என்றேன் நான்.

"மேடம், மண் இல்லன்னா நிலம் இல்ல. நிலம் இல்லன்னா அடங்கல் இல்ல. அடங்கல் இல்லன்னா சாருக்குக் கரண்ட் இல்ல. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த கட்டம், பயிர். இன்னும் ஒன்றும் வைக்கவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் சார். யோசனைக்கும் கட்டம் இல்லை. வருவாய்க் கணக்கு வருஷம் ஃபசலி 1418, பயிர்: தரிசு என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினார் மதியழகன். காமு பாவம், முந்தின நாள்தான் துடைத்துவிட்டிருந்தாள்.

அடுத்தது நஞ்சையா புஞ்சையா. இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. "வேர் பூரா தண்ணியிலயே நிக்கும்னு சொல்றீங்க. அப்ப நஞ்சை. நெல்லு கூட பாதி நாள்தான் தண்ணியில நிக்கும். இது முழு நாளும் நிக்குது. உங்களுது முதல் தர நஞ்சை, சார்." சாரின் முகத்தில் லேசாகப் பெருமை கூட வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வம்சம்.

கடைசிக் கட்டம், பாசன ஆதாரம். ஏரி, கால்வாய், கிணறு, மூன்று மட்டும் அச்சடித்திருந்தது. "குழாய்ல வரது" என்றாள் காமு. குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார் அவர். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து என்றாள். "மேல நின்னுண்டிருக்கும், திறந்தா கீழே பாயும்." அவள் என்ன கண்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"மேல தேங்கி நின்னு கீழ பாஞ்சா அது ஏரிம்மா" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார் மதியழகன். இந்த ஒரு வார்த்தை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை. நான் கணக்கு டீச்சர், புவியியல் இல்லை.

அந்த வாரம் காமுவின் ரத்தம் ஏழு புள்ளி எட்டு. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

"சார், பைப்பை வாங்கி மாட்டுங்க. எவன் வந்து பார்க்கப் போறான்?" என்று நான் கத்தினேன். "தொடங்கலாகாதுன்னு எழுத்துல இருக்கே, மேடம்" என்றார். கத்தி என்ன பிரயோஜனம். சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடங்கல் வரவில்லை. நோட்டீஸ் வந்தது. முதல் தர நஞ்சை நிலத்தை, ஏரிப் பாசன வசதி இருந்தும், தரிசாகப் போட்டதற்கான காரணத்தை ஏழு நாளில் விளக்க வேண்டும். சார் விளக்கினார். தங்கள் அடங்கலுக்காகக் காத்திருப்பதால் பயிரிட இயலவில்லை என்று உண்மையை எழுதினார். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல, பயிரிட்ட பின்னரே அடங்கல் வழங்க இயலும் என்று பதில் வந்தது. அந்தப் பக்கம் மின்சார ஆபீசோ அடங்கல் வராமல் பயிரிடாதே என்கிறது. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சார் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தார்.

தீபாவளி கழிந்த மறுவாரம் கோவளத்திலிருந்து வடிவேலு என்பவர் டிவிஎஸ் பிப்டியில் வந்து இறங்கினார். மீன் வியாபாரி. ஏரிகளில் மீன் பிடிக்கும் குத்தகையும் எடுப்பாராம். குத்தகைப் பட்டியலில் புதிதாக ஓர் ஏரி சேர்ந்திருக்கிறது, சேலையூரில், ஏலத்துக்கு முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நான்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இன்னாம்மா இது, ஏரின்னானுங்க, பிளாஸ்டிக் டேங்க் கீது!"

"ஆயிரம் லிட்டர்" என்றேன்.

அவர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இதுல இன்னா மீனு வுடறது? சும்மா பேஜார் பண்றானுங்கமா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். போகிற போக்கில் பாசி பிடித்திருக்கிறது, கழுவச் சொல் என்றார். இந்தக் கதையில் எங்களுக்கு உருப்படியாக யோசனை சொன்ன முதல் மனுஷன் அவர்தான்.

அடுத்தது என் பெயருக்கே வந்தது. அசோசியேஷன் செக்ரட்டரிக்கு. மேற்படி ஏரியின் எல்லைக்குள் எட்டு வீடுகளும் ஒரு ஸ்கூட்டர் ஷெட்டும் ஆக்கிரமிப்பாகக் கட்டப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்பதால் ஏன் அகற்றக்கூடாது என்பதை நேரில் ஆஜராகித் தெரிவிக்கவும். அதோடு நிற்கவில்லை. இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு போர்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். 'இது அரசு நீர்நிலை. இங்கு குளிக்கவோ, மாடு கழுவவோ கூடாது.' முதல் மாடிக்காரர்கள் அன்றைக்குக் குளிக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். செக்ரட்டரி பதவியின் அழகு இது.

கேட்டீங்களா, அதுவரை ஊரில் இல்லாத மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அன்று மீட்டிங்குக்கு வந்துவிட்டார்கள். சாரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டீரே என்றார்கள். சார் தலையைக் குனிந்து நின்றார். காமு சோபாவில் கால் நீட்டிப் படுத்தபடி, "என் ஒருத்தி ரத்தத்துக்காகத்தானே எல்லாரும் அவரை இப்படிப் பேசறா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது ஏழரை.

டிசம்பரில் வருவாய் ஆபீசில் விசாரணை. திரிபுரசுந்தரி மேடம்தான் அதிகாரி. பட்டுப்புடவை, மேஜையில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள். நான், சார், காமு மூன்று பேரும் போனோம். வீட்டில் இரு என்றால் காமு கேட்கவில்லை. ஏரியைப் பற்றிச் சொன்னது நான், நானே வந்து திருத்திச் சொல்கிறேன் என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன் மேடம் பேசினார். கால் மணி நேரம். என்னால் மறக்கவே முடியாத பேச்சு.

"நீர்நிலைகள் நம்ம உயிர், தெரியுமா உங்களுக்கு? இந்தச் சுத்து வட்டாரத்துல எத்தனை ஏரி இருந்துச்சு! எல்லாம் பிளாட் போட்டுட்டாங்க. யார் தடுத்தாங்க? நான் சர்வீஸ்ல சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு, என் கண் முன்னாலதான் எல்லாம் போச்சு. என் கையெழுத்துலயே ரெண்டு போயிருக்கு. அந்த வேதனை எனக்குத்தான் தெரியும். ஏன், இந்த ஆபீஸ் இருக்கிற இடமே ஏரிதான். மழை பெஞ்சா என் ரூம்ல முழங்கால் தண்ணி. அந்த அனுபவத்துலதான் சொல்றேன், ஏரிகளைக் காப்பாத்தணும்."

"மேடம், இது தொட்டி" என்றார் சார்.

"பெரிய ஏரியில கை வெச்சா யார் யார் வீடோ வரும் சார். போன் மேல போன் வரும். உங்க ஏரி அப்படி இல்ல. எட்டே வீடு, யாருக்கும் யாரையும் தெரியாது. நாலு பக்கமும் நல்லா எல்லை தெரியுது, மூடி கூட இருக்கு. இந்த வருஷம் எங்களுக்கு இலக்கு, ஒரு நீர்நிலை மீட்கணும். நீங்க ஒத்துழைச்சா மார்ச்சுக்குள்ள மீட்டுடலாம்."

"வீட்டை இடிச்சா தொட்டி எது மேல நிக்கும் மேடம்?" என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் கீச்சென்று போய்விட்டது.

"அது பொதுப்பணிக்காரங்க பாத்துப்பாங்க. அவங்களுக்கு நகல் அனுப்பியிருக்கோம்" என்றார் மேடம், பதறாமல்.

இதற்குள் காமுவுக்குத் தலை சுற்றியது. முகம் காகிதமாக வெளுத்துவிட்டது. கைத்தாங்கலாகப் பிடித்து ஆபீஸ் பின்பக்கம் காற்றோட்டமாக உட்கார வைத்தேன். வாட்ச்மேன் ஜெயவேலு ஓடிவந்து அடி பம்பில் தண்ணீர் அடித்து ஒரு சொம்பில் கொடுத்தார். குடித்து நிமிர்ந்த காமு அப்படியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் சுவரை ஒட்டி மூன்று பாத்தி. அரைக்கீரையும் சிறுகீரையும் கொழுகொழு என்று முழங்கால் உயரத்துக்கு நின்றது.

"யார் போட்டது?"

"நாந்தாம்மா."

"என்ன தண்ணி விடறேள்?"

"இதோ, நீ குடிச்சியே, இந்தத் தண்ணிதான்."

காமு இன்னொரு சொம்பு அடிக்கச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பார்த்து, குடித்தாள். "யாரைக் கேட்டுண்டு போட்டேள்?"

ஜெயவேலு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இன்னாத்துக்கும்மா கேக்கணும்? கேட்டாக்கா பைலு ஆவும். வெதையப் போட்டேன், வந்துகினு கீது. உள்ள கீறவங்க எல்லாரும்தான் துன்றாங்க. பெரிய மேடம் வூட்டுக்குக் கூட வெள்ளிக்கிழமை ஒரு கட்டு போவுது."

காமு சிரித்தாள். நாலு மாசத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டு கட்டு கையிலேயே பறித்துத் தரச் சொன்னாள். முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் மசியல். வாந்தி இல்லை. நான் எதிர் வீட்டிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாத்ரூம் கதவு சத்தமே கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும்போது நான் ஜெயவேலுவிடம் கீரை வாங்கி வருவேன். டாக்டரம்மா வேறு ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், அது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. பொங்கலுக்கு எட்டரை. சாருக்குக் கீரை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். யாரையும் கேட்காமல் போட்டது என்று மட்டும் தெரியாது. அரசு அலுவலக வளாகத்தில் விளைந்தது என்பதால் உரிய அனுமதி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் இடிக்கிற விஷயம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. மதியழகன்தான் காப்பாற்றினார், பதிவேட்டாலேயே. ஒரு நாள் காபி குடிக்க வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஏரியை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. எழுதினது எழுதினதுதான். ஆனா ஏரி வத்திட்டா, வத்திடுச்சுன்னு நான் எழுதலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு வீட்டிலும் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டோம். தொட்டி காலி. மதியழகன் ஏணியில் ஏறி டார்ச் அடித்து உள்ளே பார்த்து, 'நேரில் பார்வையிடப்பட்டது, முற்றிலும் வறண்டது' என்று எழுதினார். எட்டே நாளில் திரிபுரசுந்தரி மேடத்தின் உத்தரவு வந்துவிட்டது. வறண்ட ஏரி நீர்நிலை அல்ல. எனவே மேற்படி இடம் வீட்டுமனைக்கு உகந்ததாக வகை மாற்றம் செய்யப்படுகிறது. அந்த இடத்தில் எட்டு வீடுகள் கட்டிக்கொள்ளத் தடையில்லை.

"கட்டி ஒன்பது வருஷம் ஆச்சே சார்" என்றேன் மறுபடி காபிக்கு வந்த மதியழகனிடம்.

"அதனால என்ன, இப்பதான் முறையாச்சு. ஏரியில வீடு கட்டக்கூடாது மேடம். வத்தின ஏரியில தாராளமா கட்டலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கட்டியிருக்காங்க."

"திரும்ப மோட்டார் போட்டா தொட்டியில தண்ணி வந்துடுமே?"

"மழை வந்தா எல்லா ஏரியிலயும்தான் தண்ணி வருது. அது வெள்ள நிவாரணம். வேற செக்‌ஷன்" என்று காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

பிப்ரவரியில் ரத்தம் பத்து புள்ளி ஒன்று. சார் அந்த லேப் சீட்டை மற்ற ஏழு வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். திட்டினவர்களிடம் எல்லாம் காட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பைப் தோட்டம் என்ன ஆயிற்று என்று வினோத்குமார் போன் பண்ணினானாம், பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னாராம் சார்.

மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சார் என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். ஒட்டவில்லை. ரெஜிஸ்டர் தபாலில், உள்ளே வைத்திருக்கிற ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும், காமுவை விட்டு நகர முடியவில்லை, நீங்கள் போஸ்ட் ஆபீஸ் வழியாகத்தானே போவீர்கள் என்றார். திரிபுரசுந்தரி மேடத்துக்கு. பொருள்: நன்றி தெரிவித்தல்.

வராந்தாவில் நின்று படித்தேன். 'தங்கள் அலுவலகத்தின் பின்புறம் காவலாளி திரு. ஜெயவேலு அவர்கள் மூன்று பாத்திகளில் சாகுபடி செய்துவரும் கீரையை உண்டே என் மனைவி உடல்நலம் தேறினார் என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி சாகுபடியைத் தாங்கள் நேரில் பார்வையிட்டு, பதிவு செய்து, ஆவன செய்ய வேண்டுகிறேன்.' ஆவன செய்வார்கள்! இன்னும் ஆறு மாசத்துக்குக் கீரை நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

திரும்பி உள்ளே போனேன். சார் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். காமு படுத்தபடியே கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி பூரா எழுதினார். நல்ல மனசோடதான் எழுதினார், புஷ்பா. நீ பாத்து, பாத்துப் போஸ்ட் பண்ணு" என்றாள். பாத்து என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

நான் போஸ்ட் பண்ணவில்லை. கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டேன். ஆனால் சார் விடுவாரா? ஒப்புகை அட்டை வந்ததா, ஒப்புகை அட்டை வந்ததா என்று பத்து நாள் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் கேட்டார். தபால் துறைக்குப் புகார் எழுதப்போவதாகச் சொன்னார். இது வேறா என்று எனக்குக் கதிகலங்கிவிட்டது. அடுத்த நாள் கவரையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக ஜெயவேலுவிடமே போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஆபீஸுக்கு வர்ற தபாலை எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கறதே நான்தாம்மா" என்றார் அவர். உள்ளே போய் முத்திரையை எடுத்து வந்தார். அட்டையில் அழுத்தி ஒரு குத்து, பக்கத்தில் ஒரு கையெழுத்து. கவரைப் பிரித்து அந்தக் காகிதத்தை உதறி, அதில் அன்றைய சிறுகீரைக் கட்டைச் சுற்றப் போனார். நான் பதறிப்போய்ப் பிடுங்கி, கிழித்துப் பாத்தியிலேயே போட்டு மண்ணைத் தள்ளினேன்.

அன்று ராத்திரி அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நக்கித் துடைத்துக்கொண்டு இடது கையால் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து முத்திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தேளா மேடம். அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சேள். முறையா எழுதினா முறையா நடக்கும். எதையும் கேட்டுண்டு செய்யறதுல இருக்கிற நிம்மதியே தனி."

காமு அவர் தட்டில் இன்னொரு கரண்டி கீரை மசியலை வைத்தாள்.